இளநீர் குடித்த நேரம்

அந்த அறையில் டாக்டர் இருந்தார், அம்மா இருந்தாள், மாமா இருந்தார். நான் இல்லை. "நீ போயி ஒரு எளநி குடிச்சிட்டு வா மாப்ள, மூஞ்சே வாடிப்போச்சு" என்று மாமா ஐம்பது ரூபாய்த் தாளை என் சட்டைப்பையில் செருகினார். சிதம்பரத்தில் அந்தச் சிறிய மருத்துவமனையின் வாசலில் நின்று வழுக்கையைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தேன். எனக்கு இருபத்து நான்கு வயது. கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி. புற்றுநோய்தான் என்று முந்தைய நாள் உறுதியாகியிருந்தது.

எங்கள் வீட்டில் கல்லூரி வரை போனவன் நான் ஒருவன்தான். பட்டாவோ பேங்க் கடிதமோ மாமாவின் வண்டி இன்ஷூரன்ஸோ, நான் படித்துச் சொன்னால்தான் மேற்கொண்டு காரியம் நடக்கும். ஆனால் நோய் என்று வந்துவிட்டால் எங்கள் பக்கத்து வழக்கம் வேறு. நோயாளியை வெளியே அனுப்பிவிட்டுப் பெரியவர்கள்தான் டாக்டரிடம் பேசுவார்கள். அப்பா இல்லாத வீட்டில் பெரியவர் என்றால் அம்மாவின் தம்பி, கடலூர் முதுநகரில் டயர் கடை வைத்திருந்த மாமாதான். வெளியே வந்ததும் முதுகில் தட்டினார். "ஒண்ணுமில்ல மாப்ள, ஆறு மாசம் ஊசி. அப்பறம் கல்யாணந்தான்." அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோயை நினைத்துக் கலங்குகிறாள் என்று எண்ணினேன்.

கல்யாணம் மாமாவின் மகளோடுதான் என்பது சிறுவயதிலேயே பேசி வைத்தது. முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகித் தண்ணீர்கூட எரிந்த நாட்களில் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தேன். ஒவ்வொரு ஊசிக்கும் கடலூரிலிருந்து தன் வண்டியில் கூட்டிப்போனவரும் மாமாதான். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

குணமாகி இரண்டு வருடம் கழித்து, பூவும் பழமும் எடுத்துக்கொண்டு பெண் கேட்டுப் போனோம். மாமா தட்டைத் தொடவில்லை. "தப்பா எடுத்துக்காதக்கா. ஊசி போட்ட ஒடம்பு. நாளைக்கிப் புள்ள இல்லன்னா எம்பொண்ணுதான பேச்சு வாங்கணும்?" என்றவர், என் பக்கம் திரும்பி, "காப்பி குடிங்க தம்பி" என்றார். பிறந்ததிலிருந்து என்னை மாப்ள என்று கூப்பிட்ட வாய்.

ரோஷத்தில் போய்ப் பரிசோதனை செய்துகொண்டேன். விந்தில் உயிரணுவே இல்லை. "ஊசிக்கு முன்னாடியே எடுத்துச் சேமிச்சு வைக்கச் சொல்லலியா?" என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார். அப்படி ஒன்று உண்டு என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். மீன் அலசிக்கொண்டிருந்த கை நின்றது.

"செதம்பரத்து டாக்டரு சொன்னாரு. பாண்டிச்சேரில எடுத்து வைக்கலாம், எட்டாயிரம் ஆவும், புள்ளயக் கேட்டுச் சொல்லுங்கன்னாரு. ஒம்மாமன்தான், உயிரு பொழச்சா போதும், அந்த அசிங்கமெல்லாம் வாணாம்னுட்டான். பெத்தவ நான், அத எப்புடிடா ஒங்கிட்ட வாய்விட்டுச் சொல்லுவன்?"

பெண் தர மறுத்ததை ஒரு தகப்பனின் பயம் என்று ஒருவாறு ஒத்துக்கொள்வேன். அந்தப் பயத்துக்கான காரணத்தை என்னை ஒரு வார்த்தை கேட்காமல் உண்டாக்கியவரும் அவரே என்பதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. அம்மாவின் கூச்சத்தையும்.

இப்போதும் வேலைக்குப் போகும் வழியில் அந்த வாசலைக் கடக்கிறேன். இளநீர்க்காரர் அதே இடத்தில்தான் இருக்கிறார். எட்டாயிரத்தை நான் எப்படியாவது புரட்டியிருப்பேன். அன்று மீதிச் சில்லறையைக்கூட மாமாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என்னை அந்த அறைக்கு வெளியே நிறுத்த அவருக்கு ஆன செலவு நாற்பது ரூபாய்.