பெயர் சொல்லாத ஜெபக்குறிப்பு

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களில் மனதைக் காத்துக்கொள்ள வேண்டுமென்று டிவி சீரியல் பார்ப்பதை நிறுத்தியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒருநாள் நெமிலிச்சேரி ஸ்டேஷன் வாசலில், எங்கள் சபையில் பாடும் ஸ்டெல்லா யாரோ ஓர் இளைஞனின் பைக்கிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கினாள். அவள் கணவர் துபாயில் வேலை செய்கிறார். நான் வீடு வந்து சேர்வதற்குள் என் தலைக்குள் ஒரு சீரியல் ஓடி முடிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். ஸ்டெல்லாவுக்கு உறைக்கட்டும் என்றே, "பேரு வேணாம். வழி தவறிப் போற ஒரு சகோதரிக்காக ஜெபம் பண்ணுங்க" என்றேன்.

முதலில் முழங்கால் போட்டவள் ஸ்டெல்லாதான். "ஆண்டவரே, அந்த அக்கா யாருன்னு எனக்குத் தெரியாது. அவங்கள தாங்கிக்கோங்க. நாங்க யாரும் அவங்கள தப்பா நெனைக்காதபடி எங்க மனசையும் காத்துக்கோங்க" என்று அழுதாள். என்னால் ஆமென் சொல்ல முடியவில்லை.

டீ குடிக்கும்போது சொன்னாள்: "என் தம்பி பெங்களூர்லேர்ந்து பைக்ல வந்துகீறான்க்கா. ஞாயித்துக்கெழம சபைக்குக் கூட்டினு வரேன்."

அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இன்றுவரை சொல்லவில்லை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் மறக்காமல் கேட்கிறாள், "அந்த அக்கா இப்ப எப்டி கீறாங்க?"

"இன்னும் ஜெபம் தேவைப்படுதும்மா" என்கிறேன். அது மட்டும் பொய்யில்லை.