வராமல் போன வாரம்

கிள்ளானில் ஒரு வீட்டில் தேநீர் குடித்துவிட்டு, அந்த வீட்டுப் புத்தகத்தைத் திருடிக்கொண்டு வந்தேன். அப்போது எனக்கு அறுபது வயது கடந்திருந்தது. கல்வித்துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். எடுக்கும்போது அதைத் திருட்டு என்று நினைக்கவில்லை. என் பொருளை மீட்பதாகவே நினைத்தேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டுப் புத்தகங்கள் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிகளில் இருந்தன. எல்லாவற்றுக்கும் பூட்டு உண்டு. யாராவது இரவல் கேட்டால், கரையான் மருந்து அடித்திருக்கிறது, இப்போது தொடக்கூடாது என்று சொல்லிவிடுவேன். வருடம் முழுவதும் மருந்து அடித்துக்கொண்டே இருந்தேன்.

அப்படியும் ஒரு தொகுதி காணாமல் போயிற்று. எழுபதுகளில் மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்த வார இதழ் ஒன்றில் வெளியான தொடர்கதை அது. என் மனைவி வாராவாரம் அந்தப் பக்கங்களைப் பிரித்துச் சேர்த்து வைத்தாள். தொடர் முடிந்ததும் நான் பைண்டிங் கொடுத்து, முன்னட்டையின் உள்பக்கத்தில் என் பெயர் முத்திரையைக் குத்தினேன். நடுவில் ஒரு வாரம் மட்டும் இல்லை. கதாநாயகி ரயில் ஏறுகிறாள். அடுத்த பக்கத்தில் ஆஸ்பத்திரியில் கண் விழிக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் அந்த வார இதழை வாங்கிப்போய்த் தொலைத்துவிட்டார் என்று நானே முடிவுசெய்து, அவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

மனைவி இறந்த பிறகு அலமாரியை ஒழுங்கு செய்தபோது தொகுதியே இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். யாரிடமும் நேரடியாகக் கேட்கவில்லை. கேட்டால் எடுத்தவன் உஷாராகிவிடுவான் அல்லவா?

தொண்ணூறுகளின் கடைசியில் என் மகன் பினாங்குக்கு மாற்றலாகிப் போனபோது கணினியை விட்டுச் சென்றான். அதன் மூலம் தமிழ் வாசகர்களின் மின்னஞ்சல் குழு ஒன்றில் சேர்ந்தேன். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவோம். முகம் தெரியாதவர்கள், பாதிப் பேருக்குப் புனைபெயர். அவர்களையும் நான் முழுதாக நம்பவில்லை. அதில் கிள்ளான்காரர் ஒருவர், தன்னிடம் இருந்த பழைய தொகுதியிலிருந்து வாரம் ஓர் அத்தியாயம் தட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். என் மனைவி சேர்த்து வைத்த அதே தொடர்கதை. கதாநாயகி ரயில் ஏறியதும் ஒரு குறிப்பு எழுதினார்: மன்னிக்கவும், அடுத்த வாரம் என் தொகுதியில் இல்லை.

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அதே வாரம். வேறு என்ன சாட்சி வேண்டும்?

அவருக்கு இனிமையாக எழுதி, நேரில் சந்திக்க ஆசை என்றேன். உடனே முகவரி அனுப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போனேன். மருந்துக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூட்டு வலியால் அவருடைய மனைவிக்குச் சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியாது. வாங்கண்ணே என்று அந்த அம்மாள் உட்கார்ந்தபடியே வரவேற்றார். கூடத்துப் புத்தக அலமாரிக்குக் கதவே இல்லை.

“எங்க வீட்டுல புக்குக்குப் பூட்டு கிடையாது சார்,” என்றார் கணவர். “படிக்கத் தெரிஞ்ச திருடன்னா தாராளமா வரட்டும் லா.”

என்னைக் குத்திக்காட்டுகிறார் என்றே எடுத்துக்கொண்டேன். தொகுதியைக் கையில் கொடுத்தார். அதே சிவப்பு அட்டை. பிரிக்ஃபீல்ட்ஸில்தான் பைண்டிங் செய்ததாம். என் பைண்டரின் பெயரையே சொன்னார். அட்டையின் உள்பக்கத்தைத் திருப்பினேன். என் முத்திரை இருக்கவேண்டிய இடத்தில் புதுத் தாள் ஒட்டியிருந்தது.

தேநீர் போட உள்ளே போன அந்த அம்மாளால் தட்டைத் தூக்க முடியாது என்பதால், கணவர் உதவிக்கு அடுக்களைக்குப் போனார். அவர்கள் திரும்பி வருவதற்குள் தொகுதி என் துணிப்பையில், செய்தித்தாளுக்குக் கீழே இருந்தது. தேநீரைக் குடித்தேன். நல்ல தேநீர்.

வீட்டுக்கு வந்து, கொதிக்கும் கெண்டியின் ஆவியில் காட்டி ஒட்டுத்தாளை உரித்தேன். அடியில் பூச்சி அரித்த ஓட்டைகள்தான் இருந்தன, முத்திரை இல்லை. சுரண்டி எடுத்திருக்கிறான், கெட்டிக்காரன் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் அவரிடமிருந்து அத்தியாயம் வரவில்லை. பிறகு குழுவில் எழுதினார்: தொகுதியை எங்கோ வைத்துவிட்டேன். தேடாத இடமில்லை. இப்போதெல்லாம் ஞாபகம் சரியாக இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தனியாகவும் எழுதிக் கேட்டார்: அன்று உங்கள் கையில் கொடுத்தது நினைவிருக்கிறது. நீங்கள் என்னிடம் திருப்பித் தந்தீர்கள்தானே? தந்தேன் என்று பதில் எழுதினேன். மாட்டிக்கொண்டவன் மறதி நாடகம் ஆடுகிறான் என்பது என் கணிப்பு. டாக்டரிடம் போய் வந்ததாக அவர் எழுதியபோதும் அப்படியே நினைத்தேன்.

தீபாவளிக்கு முன்பு என் மனைவியின் தங்கை சாலாக் செலாத்தானிலிருந்து வந்தாள். வீடு ஒழித்தபோது கிடைத்ததாம். பையிலிருந்து சிவப்பு அட்டைத் தொகுதி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே என் முத்திரை.

“அக்காதான் குடுத்துச்சு. உங்ககிட்டச் சொல்ல வேணாம்னுச்சு அத்தான், நீங்க தரமாட்டீங்கன்னு.”

முத்திரையை விரலால் தடவிப் பார்த்தேன். அப்படியானால் கிள்ளான் தொகுதியில் ஏன் அதே வாரம் இல்லை என்று எனக்குள் முனகியிருக்கிறேன். அது அவள் காதில் விழுந்தது.

“அந்த வாரம் யாருக்குமே இல்லியே அத்தான். கப்பல்ல மூட்டை நனைஞ்சு போச்சுன்னு கடைக்காரரு கைய விரிச்சிட்டாரு. நானும் அக்காவும் எத்தன தடவ கடைக்கு நடந்தோம்.”

அந்தக் கப்பலை நம்பியிருந்த ஒவ்வொரு வீட்டுத் தொகுதியிலும் அதே ஓட்டை. பெண்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் பைண்டிங் மட்டும்தான் கொடுத்தேன்.

மறுநாளே இரண்டு தொகுதிகளையும் எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். எதையும் மறைக்காமல் சொன்னேன். உரித்த தாளையும் காட்டினேன். அவர் தொகுதியைத் தொடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப எனக்கு ஒன்னும் இல்ல, அப்படித்தானே சார்?”

ஒன்றும் இல்லை என்றேன். மூச்சை விட்டு நாற்காலியில் சாய்ந்தார். அந்த அம்மாள்தான் பேசினார். “அடுப்ப அணைச்சேனா, கதவப் பூட்டினேனான்னு ராத்திரி எல்லாம் எழுந்து எழுந்து பாப்பாரு. என் பேரு மறந்துபோயிருமோன்னு பயந்துகிட்டு, அதையே சொல்லிச் சொல்லிப் பாப்பாரு. திருப்பித் தந்துட்டேன்னு நீங்க பதில் வேற எழுதினீங்களே சார்.”

அண்ணே என்று கூப்பிட்டவர் அன்று சார் என்றார். என் தொகுதியையும் வைத்துக்கொள்ளும்படி நீட்டினேன். ஒன்று போதும் என்று திருப்பிக் கொடுத்தார் கணவர்.

அன்றே குழுவில் என் சொந்தப் பெயரில் நடந்ததை எழுதினேன். சிலர் ஏசினார்கள், சிலர் பதிலே எழுதவில்லை. அவர் மறுபடி அத்தியாயங்களைத் தட்டத் தொடங்கினார். பிறகு மதுரையிலிருந்து ஒரு வாசகி, வராமல் போன அந்த வாரத்தைத் தேடித் தட்டி அனுப்பினார். கதாநாயகி ரயிலில் ஏன் மயங்கி விழுந்தாள் என்று தெரிந்துகொண்டேன். சொல்ல மனைவி இல்லை. பக்கத்து வீட்டுக்காரரும் வீடு மாறி எங்கோ போய்விட்டார்.

பொங்கலுக்குப் பழம் வாங்கிக்கொண்டு கிள்ளானுக்கு மறுபடி போனேன். வரவேற்றார்கள். அலமாரியில் இப்போதும் கதவு இல்லை. அவர் குழுவில் வந்த வம்புகளைச் சொல்லிச் சிரித்தார். உள்ளே தேநீர் தயாராகும் சத்தம் கேட்டது. இந்த முறை அவர் உதவிக்கு எழுந்து போகவில்லை. பேச்சு நின்ற பிறகும் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் தட்டை ஏந்தி, அடி அடியாக நடந்து வந்தார். தேநீர் தளும்பித் தட்டில் வழிந்தது.

வாங்கிக்கொள்ள எழுந்தேன்.

“நீங்க உக்காருங்க சார்,” என்றார் எதிரில் இருந்தவர்.