அடியில் ஓட்டை உள்ள படகு

கயாக் என்னும் துடுப்புப் படகு வாங்கப் போகும் ஓய்வூதியக்காரர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பீச் ரோட்டுச் சுவரில் உட்கார்ந்து, கையில் சுண்டலோடு மட்டுமே கடலைப் பார்த்தவர்கள், எங்கோ ஒரு குளிர்நாட்டு ஏரியில் எவனோ மீன் பிடிக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு நமக்கு அலையைப் பற்றிப் பாடம் எடுப்பார்கள். நீளம் இத்தனை அடி, அகலம் இத்தனை அங்குலம் என்று மூச்சு விடாமல் சொல்வார்கள். விழுந்தால் அதில் திரும்ப எப்படி ஏறுவது என்று மட்டும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். விழுவது என்பது மற்றவர்களுக்கு நடப்பது. இதை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். அதில் மட்டமானவன்.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். ஓய்வு பெற்றதும் என் சக ஆசிரியர்கள் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு கடற்கரையில் கைவீசி நடந்தார்கள். அவர்களோடு சேர எனக்கு மனமில்லை. அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் போய்த் தூண்டில் போட ஆரம்பித்தேன். அங்கேதான் அவரைச் சந்தித்தேன். பஞ்சாலையில் நூற்புப் பிரிவில் இருந்தவர். ஆலை மூடியபின் ஏ.டி.எம். வாசலில் காவலாளி. மூலக்குளத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி மகள் வீட்டில் இருந்தார். என்னைவிட ஒரு வயது பெரியவர். அவர் என்னை 'சார்' என்றார். நான் அவரை 'வா, போ' என்றேன். இரண்டு பேருக்கும் அது இயல்பாகவே இருந்தது.

மீன் அவருக்குத்தான் மாட்டும். எனக்கு மாட்டாது. அந்த எரிச்சலில் நான் காற்றழுத்தம், நீரோட்டம் என்று ஏதாவது விளக்கிக்கொண்டிருப்பேன். அவர் ரீலைச் சுற்றிக்கொண்டே, "ஆமாங்க சார்" என்பார். அவருக்கு இருந்தது ஒரே ஆசை.

"கரையிலேர்ந்து எறிஞ்சா கெடைக்கறதெல்லாம் பொடிசு சார். உள்ள போயி ஒருநாளு நல்ல பாரையா ஒண்ணு புடிச்சிப் பாத்துடணும். அத்தோட போதும்."

கயாக் என்ற யோசனை என்னுடையது. பணமும் என்னுடையது. ஆகவே அறிவும் என்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

அரியாங்குப்பம் பக்கம், ஆற்றை ஒட்டி இருந்த ஒரு கடைக்கு இருவரும் போனோம். நடத்தியவருக்கு முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். "எங்க ஓட்டப் போறீங்க, ஆத்துலயா கடல்லயா?" என்று முதலில் கேட்டார். அது சரியான கேள்வி. நான் பதில் சொல்லாமல் இருக்கிற படகுகளை எல்லாம் காட்டச் சொன்னேன்.

இரண்டு வகை இருந்தன. ஒன்று அகலமானது, தட்டையானது. அதன் முதுகின்மேல் உட்கார வேண்டும். பார்க்கக் குளியலறை மணைபோல இருந்தது. மற்றது நீளமாக, ஒல்லியாக, மேலே இரண்டு குழிகளோடு இருந்தது. இடுப்புவரை உள்ளே நுழைத்துக்கொள்ள வேண்டும். அழகு என்றால் அது அழகு. நான் அதன் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

பஞ்சாலைக்காரர் தட்டைப் படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். விரல் மடக்கித் தட்டினார். குனிந்து அடியைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"சார், இங்க வந்து பாருங்க. இதுல ஓட்டை வுட்டுருக்கான். மேல ஏர்ற தண்ணி தானா கீழ போயிடும். நிக்காது."

"யோவ், ஓட்டைப் படகைக் காசு குடுத்து வாங்கச் சொல்றியா?" என்றேன். கடைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தேன். "மில்லுல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?"

கடைக்காரர் சிரிக்கவில்லை. "அவரு சொல்றதுதாங்க சரி. படகோட உடம்பு காத்து அடைச்சது. அந்த ஓட்டை வழியா தண்ணி உள்ள போகாது. கடலுக்கு இதான் நல்லது. சந்தேகம்னா பின்னாடி ஆத்துல எறக்கித் தரேன். ரெண்டையும் கவுத்துட்டு, திரும்ப ஏறிப் பாருங்க. எதுல ஏற முடியுதோ அதை எடுத்துட்டுப் போங்க."

உலகத்தில் கயாக் வாங்குவதைப் பற்றி இதைவிடப் பெரிய ஞானம் கிடையாது என்று இன்று தெரிகிறது. அன்று எனக்குத் தோன்றியதெல்லாம், இந்த வயிற்றோடு அரைக்கால் சட்டையில் ஆற்றில் விழுந்து, நாலு பேர் பார்க்க, படகின்மேல் நீர்யானைபோல ஏற வேண்டுமா என்பதுதான். அதற்குப் பதிலாகக் கடைத் தரையிலேயே ஒல்லிப் படகில் உட்கார்ந்து பார்த்தேன். சிமெண்ட் தரையில் அது துளிகூட ஆடவில்லை. ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டேன். பிறகு, ஒல்லியான உடல் தண்ணீரை எப்படிக் கிழித்துக்கொண்டு போகும் என்று இருவருக்கும் பத்து நிமிடம் விளக்கினேன்.

"சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அவர். ஆனால் கை இன்னும் தட்டைப் படகின்மேலேயே இருந்தது.

ஒல்லிப் படகையே வாங்கி, ஆற்றில் நாலைந்து முறை ஓட்டினோம். ஒன்றும் ஆகவில்லை. கடல் அமைதியாக இருந்த ஒரு காலையில் முகத்துவாரம் தாண்டி வெளியே போனோம். அவர் முன்னால், நான் பின்னால். அலை உடையும் இடத்தைக் கடந்ததும் தண்ணீர் எண்ணெய்போல இருந்தது. அரைமணி நேரத்தில் அவர் தூண்டில் வளைந்தது.

"மாட்டிக்கிச்சு சார்! பெருசு!"

அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. மீன் மேலே வந்து பளபளவென்று திரும்பியது. பாரையேதான். அதைப் பார்க்க அவர் வலது பக்கம் சாய்ந்தார். நானும் வலது பக்கம் சாய்ந்தேன். இரண்டு பேரும் ஒரே பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும்.

தலைகீழானோம். குழியிலிருந்து காலை இழுத்துக்கொண்டு வெளியே வந்தபோது படகு முழுக்கத் தண்ணீர். லைஃப் ஜாக்கெட் இருந்ததால் மிதந்தோம். எனக்குக் கடல் நீச்சல் தெரியும். அவருக்குத் தெரிந்தது சின்ன வயதில் பம்புசெட் கிணற்றில் குதித்த நீச்சல். அவர் படகைப் பிடித்து ஏறப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அது உருண்டது. உப்புத் தண்ணீர் குடித்தார், இருமினார், மறுபடியும் ஏறப் பார்த்தார். நான் என்ன செய்தேன்? சுற்றி நீந்திக்கொண்டு கட்டளை போட்டேன். "இடது கையைக் கொடு! எடையைச் சமமா வை!" மூழ்கிக்கொண்டிருப்பவனுக்குச் செய்முறைத் தேர்வு நடத்தினேன்.

கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஃபைபர் போட் எங்களைப் பார்த்தது. இல்லையென்றால் இதை எழுத நான் இருந்திருப்பேனோ என்னவோ, அவர் இருந்திருக்கமாட்டார். மூன்று பேர் சேர்ந்து அவரைத் தூக்கி வலைமேல் போட்டார்கள். கரையில் கூட்டம் கூடிவிட்டது. போட்டுக்காரர் எங்கள் படகைக் காலால் புரட்டிப் பார்த்தார்.

"பூந்துக்கினா வெளிய வர முடியாது, வெளிய வந்தா பூர முடியாது. எந்த மடையன்யா இந்தப் பொட்டிய வாங்கினது?"

எல்லோரும் எங்கள் இருவரையும் பார்த்தார்கள்.

"இவன்தான்" என்றேன். "வேற எடுக்கலாம்னேன். இதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னான்."

அவர் மணலில் குப்புறக் கிடந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு போட்டுக்காரரிடம், "ஆமாங்க. நான்தான்" என்றார்.

இதைப் பயத்தில் சொன்னது என்று மன்னிக்கலாம். நானும் அப்படித்தான் என்னை மன்னித்துக்கொண்டேன். ஆனால் அன்று மதியம், உடம்பு காய்ந்து, டீ குடித்து, ஆட்டோவில் வீடு வந்து இறங்கியபோது, அவர் மகள் வாசலில் நின்று என்ன ஆச்சு என்று என்னைக் கேட்டாள். நான் அதையே மறுபடியும் சொன்னேன். நிதானமாக, வருத்தமான முகத்தோடு, ஒரு வாக்கியம் கூடவே சேர்த்து: "அப்பாவுக்கு வயசாயிடுச்சும்மா. கொஞ்சம் பார்த்துக்கோ."

அவள் பார்த்துக்கொண்டாள். தூண்டில்களைப் பரணில் போட்டாள். அப்பாவுக்குப் புத்தி தடுமாற ஆரம்பித்துவிட்டது என்று நம்பிவிட்டாள். சைக்கிளைப் பூட்டிச் சாவியைத் தானே வைத்துக்கொண்டாள். தெருமுனை டீக்கடையில் அவருக்கு 'கேப்டன்' என்று பெயர் விழுந்தது. "இன்னா கேப்டன், கப்பல் இன்னிக்கு லீவா?" என்பார்கள். அவர் சிரிப்பார். கேவலம், நானும் டீ கிளாஸோடு அங்கே நின்று சிரித்திருக்கிறேன்.

நாலு மாதம் எடுத்துக்கொண்டேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன்.

"உங்ககிட்ட ஒண்ணு பேசணும்" என்றேன்.

"இன்னா சார், புதுசா மரியாதையெல்லாம் குடுக்கறீங்க? பயமா இருக்குது" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மகள் இருக்கும்போதே சொன்னேன். படகை வாங்கியது நான். அவர் கேட்டது வேறு படகு. அவர் கேட்டதுதான் சரி. கடலில் நான் சாய்ந்ததையும் சொன்னேன். கரையில் சொன்னதும், இந்த வாசலில் சொன்னதும் பொய்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அப்பா பக்கம் திரும்பினாள்.

"நீ இன்னாத்துக்குப்பா ஆமான்னு சொன்ன?"

"அவ்ளோ பேரு நிக்கறாங்க. காலேஜி வாத்தியாரு. மானம் போவும்ல."

"உன் மானம்?"

"எனக்கு இன்னாம்மா. மில்லுக்காரன்."

அவள் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து தூண்டில்களை எடுத்தாள். தூசியைத் துடைத்து அப்பாவிடம் கொடுத்தாள். "கவுந்தா திரும்ப ஏறக் கத்துக்க. என் கண்ணெதிர ஏறிக் காட்டு. அப்புறம் எங்க வேணா போ." என்னைப் பார்க்காமலேயே, "டீ வெக்கலை சார்" என்றாள்.

ஒல்லிப் படகைக் கடையில் திருப்பிக் கொடுத்து வேறு எடுத்துக்கொள்ளலாம், எதை எடுப்பது என்று அவரே சொல்லட்டும் என்றேன். அடுத்த வாரம் மூன்று பேரும் போனோம். அவர் சட்டையைக் கழற்றி, லுங்கியை மடித்துக் கட்டி, ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். கழுத்தளவு தண்ணீரில் நின்று தட்டைப் படகைத் தானே கவிழ்த்தார். தானே நிமிர்த்தினார். நெஞ்சால் தாவி ஏறப் பார்த்தார், வழுக்கினார். பாலத்துப் பக்கம் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் கவலைப்படவில்லை. மூன்றாம் முறை வயிற்றால் ஊர்ந்து, புரண்டு, உட்கார்ந்துவிட்டார். படகின்மேல் இருந்த தண்ணீர் ஓட்டைகள் வழியாக இறங்கியது. மகளைப் பார்த்துக் கையைத் தூக்கினார். "இன்னொரு தடவ" என்றாள் அவள். இன்னொரு தடவையும் ஏறினார்.

கரைக்கு வந்ததும் கடைக்காரர், "இதே மாடல்ல ரெண்டு பேரு போறதும் இருக்குதுங்க. சாரும் வருவாருல்ல?" என்றார்.

அவர் லுங்கியைப் பிழிந்தார். கோபம் ஒன்றும் முகத்தில் இல்லை.

"இல்லப்பா. ஒத்த சீட்டே போதும்."

நான் கடைக்குள் போய்ச் சுவரில் சாத்தியிருந்த துடுப்புகளில் ஒன்றை எடுத்து நீளம் பார்த்தேன். பின்னாலேயே ஈரக் காலோடு வந்தார்.

"வையிங்க சார். அத நான் பாத்துக்கறேன்."

வைத்தேன். வெளியே வந்து, மூலக்குளம் போக பஸ் பிடிக்க நடந்தேன்.