டஸ்ட் தரத்துப் புத்தகம்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அடுப்படியில் பூனை தட்டை உருட்டினாலும் எழுந்து உட்காருகிறவள். அப்படிப்பட்டவள் ஒரு புத்தகம் எழுதி, அதை ஊரே பார்க்கும்படி ரோட்டோரத்தில் வைக்கவும் சம்மதித்தேன் என்றால், அப்போது என் புத்தி எங்கே மேயப் போயிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எங்கள் தோட்டம் நமுனுகுல மலைக்குக் கீழே இருந்தது. பதுளையிலிருந்து வரும் பஸ் தோட்டத்துச் சந்தியில் திரும்பி நிற்கும். அங்கே தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை உண்டு. தொண்ணூறுகளில் தேயிலையை மரப்பெட்டியில் அனுப்பும் வழக்கம் போய்க் காகிதச் சாக்கு வந்துவிட்டது. பழைய பெட்டிகள் ஸ்டோருக்குப் பின்னால் மழையில் ஊறிக் கிடந்தன. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். என் வீட்டுக்காரருக்கு அங்கே சாக்குகளுக்கு அடையாளம் அடிக்கும் வேலை. எழுத்து வெட்டிய தகட்டைச் சாக்கின் மேல் வைத்துக் கறுப்பு மையைத் தேய்த்தால் தேயிலையின் தரமும் எண்ணும் பதிந்துவிடும். அவரும் இளைஞர் மன்றத்து ஆட்கள் சிலரும் பழைய பெட்டிகளைக் கேட்டு வாங்கிக் கொட்டகைச் சுவர் நெடுக அறைந்தார்கள். உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளைப் பிய்க்காமல் விட்டதால், வெயில் பட்டால் சுவர் முழுக்கப் பளபளக்கும். வெளிப்பக்கத்தில் தீபாவளிக்கு வீடு அடித்து மிஞ்சிய பெயின்டையெல்லாம் கொண்டுவந்து பூசினார்கள். நீலம் ஒருவர் வீட்டிலிருந்து வந்தது, பச்சை இன்னொருவர் வீட்டிலிருந்து.

அந்தப் பெட்டிகளுக்குள் தோட்டத்து ஆட்களே எழுதித் தைத்த புத்தகங்கள் இருந்தன. பூட்டும் கிடையாது, கதவும் கிடையாது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எடுத்துப் படித்துவிட்டு வைத்துவிட்டுப் போகலாம். ஓய்வு பெற்ற கங்காணி ஒருவர் தன் வம்சக் கதையை எழுதினார். அதைப் படித்தால் தோட்டத்தில் வேறு யாருமே வேலை செய்யவில்லை என்று தோன்றும். ஒருவர் காதல் கவிதை எழுதினார். எந்தப் பெண்ணுக்கு என்று எல்லாருக்கும் தெரியும், அந்தப் பெண்ணைத் தவிர. டவுனிலிருந்து பார்க்க வந்த ஒருவர், இது நூலகம் மட்டுமில்லை, பொதுக் கலை என்று சொல்லிப் போட்டோ பிடித்துக்கொண்டு போனார். பிறகு கொஞ்ச நாளைக்கு யாராவது சுவரில் பாக்கு எச்சில் துப்பினால், “ஏய், பொதுக் கலையில துப்பாத” என்று கேலி செய்துகொண்டிருந்தோம்.

நான் எழுதியது என் பயங்களைப் பற்றி. வேறு என்ன எனக்குத் தெரியும்? இரத்தம் குடிக்கிற அட்டைக்குப் பயம், மலையில் குளவி கலைவதற்குப் பயம், மழை விடாமல் பெய்தால் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு மேலே இருக்கும் மண்மேடு இறங்கிவிடுமோ என்ற பயம், மாமியார் பேசாமல் இருந்தால் பயம். பக்கத்துக்கு ஒரு பயம். கடைசிக்கு முந்தின பக்கத்தில் இப்படி எழுதியிருந்தேன்: “பொலிஸ் ஜீப் வளைவில் ஏறும் சத்தம் கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். முதலில் என் வீட்டுக்காரர் வீட்டில் இருக்கிறாரா என்று பார்ப்பேன். பிறகுதான் மூச்சு விடுவேன்.” எழுதும்போது அதுவும் அட்டை மாதிரி ஒரு பயமாகத்தான் தெரிந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. சட்டைப்பையில் தமிழில் எழுதிய துண்டுக் காகிதம் இருந்ததற்காக ஆளைப் பிடித்துக்கொண்டு போன கதைகள் எங்களிடம் நிறைய இருந்தன. அதனால் எந்தப் புத்தகத்திலும் எழுதியவர் பேர் போடக்கூடாது என்று முடிவு செய்தோம். பேர் இல்லாவிட்டால் எந்தப் புத்தகம் எந்தப் பெட்டிக்கு உரியது என்று எப்படித் தெரியும்? என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஒரே வழி சாக்குக்கு அடிக்கிற வழிதான். பெரிய இலைக்கு ஓ.பி., அதற்குச் சின்னதுக்கு பி.ஓ.பி., பொடிக்கு டஸ்ட் என்று தரம் பிரிப்பதுபோல, தடித்த புத்தகத்துக்கு ஓ.பி., நடுத்தரத்துக்கு பி.ஓ.பி., மெலிந்ததுக்கு டஸ்ட் என்று அட்டையில் கறுப்பு மையில் அடித்து, பக்கத்தில் ஓர் எண்ணும் போட்டார். என் புத்தகம் டஸ்ட். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“டஸ்டுக்குத்தான் சாயம் கூட, புள்ள” என்று சமாதானம் சொன்னார். நான் அன்றைக்கு அவரோடு பேசவில்லை.

பேரும் இல்லை, அட்டையில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும். இதைவிடப் பத்திரமான ஏற்பாடு இருக்க முடியாது என்று நினைத்தோம். பொலிஸ் கண்ணுக்கு இதைவிட மோசமான ஏற்பாடு இருக்க முடியாது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்கோ குண்டு வெடித்ததாக ரேடியோ சொன்ன ஒரு வாரத்தில் அவர்கள் வந்தார்கள். நான் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். ஜீப் வளைவில் ஏறும் சத்தம் கேட்டது. வழக்கம்போல வயிறு கலங்கியது. வழக்கம்போல அவர் எங்கே என்று யோசித்தேன். ஸ்டோரில் இருப்பார். ஜீப் ஸ்டோர் பக்கம்தான் திரும்பியது. கூடையோடு இறங்கி ஓடினேன். அதற்குள் ஜீப் சந்திக்கு இறங்கிவிட்டிருந்தது. நான் அங்கே வந்து சேர்ந்தபோது பெட்டிகள் காலியாக இருந்தன. ஜீப்பின் பின்பக்கத்தில் புத்தகக் குவியலுக்கு நடுவில் அவர் குந்தியிருந்தார். கையெல்லாம் கறுப்பு மை. என்னைப் பார்த்ததும், வராதே என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

தொழிற்சங்கத் தலைவர் பதுளைக்குப் போயிருந்தார். அவர் வரட்டும், தோட்டத்துத் துரையிடம் பேசலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். தனியாக ஒரு பெண் பொலிஸுக்குப் போகக்கூடாது என்றும் சொன்னார்கள். அப்படிக் காத்திருந்து திரும்பி வராதவர்களைப் பற்றியும் நான் கேள்விப்பட்டிருந்தேன். மறுநாள் காலை மாமியாரை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். அழைத்துக்கொண்டு என்பது சும்மா பேச்சுக்கு. அவர்தான் முன்னால் நடந்தார். பஸ் முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார்.

“எழுதி எழுதி எம் மவன உள்ள தள்ளிட்டீங்களே. கொழுந்து எடுக்குற கைக்கு எதுக்குடி பேனா?”

அவர் திட்டிக்கொண்டே இருந்ததும் நல்லதுக்குத்தான். நிறுத்தியிருந்தால் நான் அழுதிருப்பேன்.

பொலிஸில் மாமியாரை வெளி வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கண் வீங்கியிருந்தது. அடியா, தூக்கமின்மையா என்று தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. மேசை மேல் எங்கள் புத்தகங்கள். மேசைக்குப் பின்னால் பெரிய அதிகாரி. பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒரு முஸ்லிம் பொலிஸ்காரர் நின்றார்.

அதிகாரி சிங்களத்தில்தான் பேசினார். சந்தைக்குப் போய்ப் பழகியதில் எனக்குச் சிங்களம் ஓரளவு விளங்கும். இந்த எழுத்துகளும் எண்களும் என்ன இரகசியம் என்று முதல் நாளே என் வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறார்கள். மனுஷன் உள்ளதைச் சொல்லியிருக்கிறார், தனக்குத் தெரிந்த மாதிரி. பி.ஓ.பி. கொழும்புக்குப் போகும், அங்கிருந்து கப்பலில் வெளிநாட்டுக்குப் போகும், எண் பார்த்துத்தான் அந்தப் பக்கத்து ஆட்கள் எடுப்பார்கள் என்று. அவர் சொன்னது தேயிலையை. அவர்கள் எழுதிக்கொண்டது புத்தகத்தை. யார் யார் எழுதினார்கள் என்ற கேள்விக்கு மட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் ஆபத்தாகப் போயிருந்தது. ஒருவரும் பேர் சொல்லாவிட்டால் இவனைக் கொழும்புக்கு அனுப்பிவிடுவேன் என்றார் அதிகாரி. அப்படிக் கொழும்புக்கு அனுப்பப்பட்டுத் திரும்பி வந்த ஆளை நான் பார்த்ததில்லை.

மெலிந்த புத்தகம் ஒன்று மேலாக இருந்தது. என் கையெழுத்து. “இது நான் எழுதினது, மாத்தயா” என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். என் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

“நீயா? என்ன எழுதினாய்?”

“எதெதுக்குப் பயம்னு எழுதினேன்.”

“வாசி.” பொலிஸ்காரரைப் பார்த்து, “நீ சொல்லு” என்றார்.

வாசித்தேன். அட்டை. பொலிஸ்காரர் சிங்களத்தில் சொன்னார். குளவி. சொன்னார். மண்சரிவு. அதிகாரி தலையாட்டினார். மாமியாரைப் பற்றிய பக்கம் வந்ததும் அதிகாரியின் உதட்டோரத்தில் சிரிப்பு வந்தது. கதவுக்கு வெளியே மாமியார் கனைத்தார். அடுத்தது ஜீப். விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாண்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். திருப்பிப் பார்த்தால் அந்தத் தாளின் முனை மடிக்கப்பட்டிருந்தது. யாரோ ஏற்கெனவே படித்திருக்கிறார்கள். இப்போது தாண்டினால் மறைத்ததாக ஆகும். வாசித்தால் அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னதாக ஆகும். எதைச் செய்தாலும் சுவரோரம் நிற்கிறவருக்குத்தான் ஆபத்து.

வாசித்தேன். ஒரு வார்த்தையும் விடாமல் வாசித்தேன். பொலிஸ்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு சிங்களத்தில் சொன்னார். இடி இடித்தால் இந்தப் பெண்ணுக்கு வயிற்றைக் கலக்குமாம், புருஷன் வீட்டுக்குள் வந்துவிட்டானா என்று பார்த்த பிறகுதான் மூச்சு விடுவாளாம்.

நான் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் என் முகமே காட்டிக்கொடுத்திருக்கும்.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். தன் மனைவியும் இடிக்குக் கட்டிலுக்கடியில் போகிறவள்தான் என்றார். பிறகு திடீரென்று நேராக என்னைக் கேட்டார்.

“உங்கள் மலையில் இடி எந்த மாதத்தில் அதிகம்?”

அவர் சும்மா கேட்டாரா, சோதித்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பொலிஸ்காரரின் பூட்ஸ் மட்டும் என் கண்ணில் பட்டது. அது கொஞ்சம் நகர்ந்தது.

“எல்லா மாசமும் வருது, மாத்தயா” என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பைத்தியங்கள், தோட்டம் முழுக்கப் பைத்தியங்கள் என்றார். புத்தகங்களைத் தள்ளிவிட்டு, இனிமேல் அட்டையில் எதுவும் அடிக்கக்கூடாது, கூப்பிட்டால் வரவேண்டும் என்று சொல்லி என் வீட்டுக்காரரைப் போகச் சொன்னார். புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு பொலிஸ்காரர் கேட்வரைக்கும் வந்தார். மாமியார் மகனின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகக் கட்டை என் கையில் கொடுக்கும்போது பொலிஸ்காரர் மெதுவாகச் சொன்னார்.

“அந்தப் பக்கத்த கிழிச்சிருங்க, தங்கச்சி. எல்லா நாளும் நான் ட்யூட்டியில இருக்க மாட்டேன்.”

நான் நன்றி சொல்லும்வரை அவர் காத்திருக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

பஸ்ஸில் என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குச் சிங்களம் என்னைவிட நன்றாகத் தெரியும். என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் கை என் முழங்கையைப் பிடித்தபடியே இருந்தது. மடியில் கட்டு இருந்தது. அந்தப் பக்கத்தைச் சத்தம் வராமல் கிழித்தேன். ஜன்னலுக்கு வெளியே எறியலாம் என்று கையைத் தூக்கும்போது பஸ் வேகம் குறைந்தது. முன்னால் செக்பொயின்ட். எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். சோல்ஜர் இரண்டு பேர் ஜன்னல் பக்கமாகவே நடந்து வந்துகொண்டிருந்தார்கள். எறிய முடியாது. இடுப்பில் செருக முடியாது, அங்கேதான் முதலில் தடவிப் பார்ப்பார்கள். தாளைச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டேன்.

வரிசையில் நின்றபடி மென்றேன். பேனா மை கசந்தது. மாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு தடவை அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் முறை வந்தது. அடையாள அட்டையை நீட்டினேன். சோல்ஜர் அட்டையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான்.

“நம மொகத்த?” என்று கேட்டான். பேர் என்ன என்று.

தொண்டையில் அடைத்துக்கொண்டு நின்றதை விழுங்கிவிட்டு என் பேரைச் சொன்னேன்.