மூடித் தட்டும் கீரைச் சட்டியும்

சூறாவளி வந்து கரையோரத்துத் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போன அடுத்த வருடம், கல்முனையில் தேங்காய்ப்பால் விட்டு ஆணம் காய்ச்சியவர்கள் பணக்காரர்கள். மற்றவர்கள் தேங்காயைப் பற்றிக் கதைத்துக்கொண்டே சோறு தின்றார்கள். சல்மா உம்மா கதைக்கவும் இல்லை. புளியும் வெந்தயமும் இருக்கும்போது பாலுக்காக அழுகிறவளுக்கு ஆணம் காய்ச்சவே தெரியாது என்பது அவளுடைய கட்சி.

அவளுடைய கணவர் அச்சிமுகம்மது சைக்கிளில் பெட்டி கட்டி நாவிதன்வெளிப் பக்கம் மீன் விற்றுவந்தார். விலைபோன மீன் ஊருக்கு, விலைபோகாத மீன் வீட்டுக்கு. வீட்டுக்கு வருவதெல்லாம் விரல் நீளத்து நெத்தலியும் முள்ளு நிறைந்த காரலும்தான். வயல்காரி செல்லத்தங்கம் மீனுக்குக் காசில்லாத நாளில் வாய்க்கால் ஓரத்துப் பொன்னாங்காணியைப் பிடுங்கிப் பெட்டி நிறையக் கொடுத்துவிடுவாள். முருங்கை வளவுக்குள்ளேயே நின்றது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு சல்மா உம்மா ஒரு சட்டம் போட்டிருந்தாள். எந்தப் பிள்ளையின் பீங்கானிலும் ஓர் இலையும் ஒரு மீனும் ஒரு பருப்பும் இல்லாமல் சோறு விழக்கூடாது. பிள்ளைகள் முகம் சுளித்தார்கள், முனகினார்கள், தின்றார்கள். ஊரெல்லாம் தடிமன் பிடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு திரிந்த மாரியிலும் அந்த வீட்டுப் பிள்ளைகள் மழையில் குதித்து விளையாடினார்கள்.

இப்படி ஒழுங்காக அடுப்பெரிந்து ஓடிக்கொண்டிருந்த குசினியில்தான் மூத்த மகள் சுல்பிகாவின் கல்யாணம் வந்து விழுந்தது.

மாப்பிள்ளை சரீபுக்கு ஊர் கோமாரி, வேலை கல்முனையில் ஒரு கந்தோரில். அந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறினான். முன்னறை அவனுக்கும் சுல்பிகாவுக்கும் போனது. மற்றவர்கள் குசினிச் சாய்ப்புக்குள் நெருக்கியடித்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு திரைச்சீலை. மாமிமார் மருமகன் முன்னால் வருவதில்லை, அவனோடு நேரே கதைப்பதும் இல்லை. ஆனால் அவனுக்குத் தீன் போடுவது மட்டும் மாமியின் முழுப் பொறுப்பு. முகத்தைப் பார்க்கக்கூடாது, வயிற்றைப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று இந்த ஏற்பாட்டைச் செய்தவர் எவரோ, அவர் சமைத்துப் பழகியவர் இல்லை.

கல்யாணத்தன்று சரீபின் தாய் நாச்சியா மகனுடைய கன்னத்தை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினாள்.

"இந்தக் கன்னம் வத்தாமப் பாத்துக்கங்க மச்சி. வேளாம வெட்டு முடிய வந்து பாப்பன்."

அறுவடை முடியும்வரை தவணை கொடுத்தாள், அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சல்மா உம்மா அதைச் சிரிப்பாக எடுக்கவில்லை. கன்னம் வற்றினால் கோமாரி தொடக்கம் கல்முனை வரைக்கும் பேச்சாகிவிடும். 'பட்டினி போட்ட வீடு' என்று பெயர் வாங்கினால் அடுத்தவள் ஹாஜறாவைக் கட்ட எவன் வருவான்? போதாக்குறைக்குப் பக்கத்து வளவுப் பாத்தும்மா வேறு. முன்னறைக்குத் தட்டுப் போகிற நேரம் பார்த்து அவளுக்கு வேலி ஓரத்தில் ஏதாவது வேலை வந்துவிடும்.

ஆகவே தட்டுப் போனது. பூப்போட்ட துணியால் மூடிய பெரிய தட்டு. ஒரு நாள் நெய்ச்சோறும் கோழி ஆணமும், மறுநாள் முட்டைப் பொரியலும் இறைச்சியும், வெள்ளிக்கிழமை இனிப்புக்கு வட்டிலப்பம். வட்டிலப்பத்துக்குத் தேங்காய்ப்பால் வேண்டும். அந்த வருடத்தில்! சல்மா உம்மா தன் காதுக்கம்மலை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் தேங்காய் வாங்கினாள். பின்வளவில் ஐந்து கோழிகள் நின்றன. ஒவ்வொன்றாக அவை திரைக்கு அந்தப் பக்கம் போயின. பிள்ளைகளுக்குக் கிடைத்துவந்த முட்டையும் கூடவே போனது. குசினிக்குள் கீரை மட்டும் குறையவில்லை.

ஆனால் தட்டு பாதியோடு திரும்பி வந்தது. திரையின் ஓட்டையால் சல்மா உம்மா எட்டிப் பார்த்தாள். கன்னம் வற்றிக்கொண்டு வந்தது! கோழி இளசில்லையோ என்று இன்னும் இளசாகப் பார்த்து அறுத்தார்கள். நெய் போதவில்லையோ என்று இன்னும் இரண்டு கரண்டி விட்டாள். கன்னம் இன்னும் உள்ளே போனது.

யாராவது ஒருவர் அவனிடம் கேட்டிருக்கலாம். மாமி கேட்கக்கூடாது. மாமனார் கேட்கக் கூச்சப்பட்டார். சுல்பிகா கேட்டிருக்கலாம், அவள் கேட்கவில்லை. அவன் மிச்சம் வைத்ததில் நல்ல துண்டுகளை எல்லாம் அவள்தான் ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கன்னம் நாளுக்கு நாள் உருண்டுகொண்டு வந்தது. மருமகனும் வாய் திறக்கவில்லை. மாமி அனுப்பும் தட்டை வேண்டாமென்று சொன்ன மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போகப் போகிறான் என்று ஊர் அர்த்தம் எடுக்கும்.

கடைசியில் ஒரே ஒரு கோழி மிஞ்சியது. செம்பட்டை நிறம், கெட்ட குணம், ஆனால் நாள் தவறாமல் முட்டையிடும். அதையும் அறுப்பதென்று சல்மா உம்மா ஒரு பகல் நேரத்தில் முடிவெடுத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கணவர் வருவதற்குள் பிடித்துக் கட்டிவைப்போம் என்று எழும்பினாள். கோழிக்கு எப்படியோ விஷயம் விளங்கிவிட்டது. கிணற்றைச் சுற்றி, முருங்கையைச் சுற்றி, கொடியில் காய்ந்த சாரத்தைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடியது. சல்மா உம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு பின்னால் ஓடினாள். பாத்தும்மா வேலியில் இரண்டு கையையும் ஊன்றி நின்று பார்த்தாள். கோழி குசினிக்குள் பாய்ந்தது. சல்மா உம்மாவும் பாய்ந்தாள்.

உள்ளே பலகையில் ஒருவன் குந்தியிருந்தான். மடியில் கீரைச் சட்டி. கை சட்டிக்குள், வாய் நிறையப் பொன்னாங்காணி. பகல் சாப்பிட்டுவிட்டுக் கந்தோருக்குத் திரும்பியிருக்கவேண்டிய மருமகன்!

சல்மா உம்மா முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள். சரீபுக்கு ஓடவும் வழியில்லை, கதவு மாமியின் பக்கம். விழுங்கவும் முடியவில்லை. நடுவில் கோழி நின்று மூச்சு வாங்கியது.

நேரே கதைக்கக்கூடாது. கதைக்காமல் இருந்தால் நெஞ்சு வெடித்துவிடும். சல்மா உம்மா கதவு இடுக்கால் கோழியைப் பார்த்தாள்.

"கோழி! முன்னறையில தட்டு மூடி வெச்சிரிக்கி. அத வுட்டுட்டுக் குசினிக்க வந்து சட்டிய வழிக்கிறது என்னத்துக்கெண்டு கேளு!"

சரீப் ஒருவழியாக விழுங்கினான். அவனும் வழக்கம் தெரிந்தவன். கோழியைத்தான் பார்த்தான்.

"கோழி, மாமிக்கிட்டச் செல்லு. நெய்ச்சோத்தக் கண்டா எனக்கு வயிறு எரியிது. ராவைக்கு நெஞ்சக் கரிக்கிது. இந்தக் கீர வாசம் ஒவ்வொரு நாளும் திரைக்குள்ளால வந்து மனுசனக் கொல்லுது."

"அப்ப வாயத் தொறந்து செல்லியிருக்கலாமே, கோழி!"

"செல்லியிருந்தா மாமிட மனம் நொந்திரிக்கும், கோழி."

கோழி கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தது, இவரைப் பார்த்தது. பிறகு சிந்திக்கிடந்த சோற்றைப் பொறுக்கத் தொடங்கியது.

"மனம் நொந்தாலும் என்ட நாலு கோழியும் உசிரோட இரிந்திரிக்குமே எண்டு செல்லு!"

"அதுகளத் திண்டு நான் பட்ட பாடு கோழிக்கெங்க தெரியும்!" என்றான் சரீப்.

கதவுக்குப் பின்னால் சல்மா உம்மா முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். இத்தனை நாள் செலவை நினைத்துக் கோபமும் வந்தது. ஆனால் பெரிதாக வந்தது நிம்மதிதான். "கீழ்ச்சட்டியில நெத்தலிச் சுண்டலும் இரிக்கெண்டு செல்லு" என்றாள் கடைசியில்.

அன்று தொடக்கம் தட்டுக்குள் இலையும் மீனும் பருப்பும் போயின. பூத்துணி மட்டும் மாறவில்லை. பாத்தும்மா வழமைபோல மூடியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். பிள்ளைகளுக்கு முட்டை திரும்பி வந்தது. நட்டமெல்லாம் சுல்பிகாவுக்குத்தான். அவள் இரண்டு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே மூக்கை உறிஞ்சினாள்.

வேளாண்மை வெட்டு முடியும் நாளுக்கென்று சல்மா உம்மா கணவரிடம் சொல்லி இறைச்சிக்கு ஏற்பாடு செய்துவைத்திருந்தாள். வந்து இறங்குகிறவளுக்கு முன்னால் கீரையை வைக்க அவளுக்கென்ன பைத்தியமா? ஆனால் நாச்சியா சொல்லிக்கொள்ளாமல் முந்தி வந்துவிட்டாள். பகல் சாப்பாட்டு நேரம், தட்டு அப்போதுதான் முன்னறைக்குப் போயிருந்தது. வந்தவள் நேரே மகனிடம் போய்க் கன்னத்தைப் பிடித்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இரிக்கி" என்றாள். கூடவே, தடுக்க ஆளில்லாமல், பூத்துணியைத் தூக்கினாள்.

முருங்கை இலைச் சுண்டல். பருப்பு. இரண்டு காரல் மீன்.

திரைக்கு இந்தப் பக்கம் சல்மா உம்மா ஓட்டையில் கண்ணை வைத்தாள். ஹாஜறாவின் கல்யாணம் கண்முன்னால் கலைந்துபோனது.

சரீப் ஒரு கவளம் சுண்டலை எடுத்து வாயில் போட்டான்.

"மச்சி!" என்று நாச்சியா கத்தினாள். "இஞ்ச வாங்க மச்சி! இவன் எலயத் திங்கிறான்! இவனுக்கு ஒரு வாய் கீர தீத்த நான் பட்ட பாடு! வேலியால பாய்ஞ்சி ஓடுவான். வாப்பாட கையால அடியும் வாங்கினான். நீங்க என்னகா செஞ்சீங்க?"

சல்மா உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரையோரத்துக்கு வந்தாள். பொய் சொல்ல ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஒண்டும் செய்யல்ல மச்சி. கீரச் சட்டிய அவருக்குக் குடுக்கப்படாதெண்டு மூடி வெச்சிரிந்தன்."

நாச்சியா வாயைப் பிளந்தபடி அவளைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், சுண்டலைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு தடுக்கில் உட்கார்ந்துவிட்டாள்.

"யா அல்லாஹ்! எங்கட ஊட்டயும் மகள்ட மாப்புள மெலிஞ்சி போறாரெண்டு, நான் ரெண்டாவது ஆட்டையும் அறுத்துப்போட்டுத்தானே வந்தன்!"