குட்டிமோட்டாரைக் கொஞ்சாத கோமளா

சிங்காநல்லூர்க் கோமளாவுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். கத்துகிறவர்களைச் சமாளித்துவிடலாம், இப்படிப்பட்டவர்களிடம் மாட்டினால்தான் கஷ்டம். போன மாசியில் பதினைந்து நாள் அவள் குரல் இறங்கியே கிடந்தது. வீட்டுக்காரர் சரவணன் இரண்டாம் நாளே சுதாரித்துக்கொண்டார். சட்னியில் உப்பில்லை என்பதைக்கூடச் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு லேத் பட்டறைக்குக் கிளம்பிவிடுவார்.

காரணத்தைச் சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரும். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். நாற்பத்தொரு வயதுப் பெண், பம்பு கம்பெனியில் பதினேழு வருடமாக வார்ப்படங்களை அளந்து பார்த்துத் தேர்வு செய்கிறவள், ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு டீமில் தனக்கு இடம் கிடைக்கவில்லை என்று கொதித்துக்கொண்டிருந்தாள். கிரிக்கெட் டீமில் இடம் போன ஆம்பளைக்கு டீக்கடையே ஆறுதல் சொல்லும். இவளுக்கு யார் சொன்னார்கள்?

அந்த விளையாட்டின் பெயர் இரும்புக்களம். அதில் ஆளுக்கொரு ராட்சத ரோபோவை எடுத்துக்கொண்டு சண்டை போட வேண்டும். ஒவ்வொன்றும் ஐந்து மாடி உயரம் இருக்கும். அவற்றுக்கு நடுவே இரண்டு மாடி உயரத்தில் ஒரு குள்ளன் உண்டு. உருளை உடம்பு, குட்டைக் கால், ஆமை நடை. ஆனால் வலது கையில் ஐந்து மாடி ரோபோவுக்குப் பொருத்த வேண்டிய பீரங்கி, இரண்டு தோளிலும் ராக்கெட் பெட்டி. கோயம்புத்தூர்ப் பசங்க அதற்கு வைத்த பெயர் குட்டிமோட்டார். தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்குக் காலும் பீரங்கியும் வைத்த மாதிரித்தான் இருக்கும்.

உலகம் முழுக்க இந்தக் குள்ளன் மேல் ரசிகர்களுக்கு அப்படியொரு பைத்தியம். சாவிக்கொத்தில் குட்டிமோட்டார், பிறந்தநாள் கேக்கில் குட்டிமோட்டார், வாட்ஸப்பில் இடுப்பை ஆட்டும் குட்டிமோட்டார். "அச்சோ, செல்லம்" என்று கொஞ்சாதவர்கள் கிடையாது. சண்டைக்கு எடுத்துப் போகிறவர்கள் மட்டும் கிடையாது. சண்டை என்று வந்தால் அத்தனை ரசிகர்களும் ஐந்து மாடி ரோபோவில்தான் ஏறி உட்காருவார்கள். இந்தப் பாசத்தைப் பார்த்தாலே கோமளாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் கொஞ்சியதே இல்லை. கொரோனாவில் கம்பெனி பூட்டிக்கிடந்த நாளில், மகள் ஷ்ரவ்யா ஆடி அலுத்துப்போய் விட்ட விளையாட்டைக் கையில் எடுத்தவள், முதல் நாளே குட்டிமோட்டாரைத் தேர்ந்தெடுத்தாள். அதன் உடம்பையும் பீரங்கியையும் மனதுக்குள் அளந்து பார்த்து, இவ்வளவு சின்ன உடம்பில் இவ்வளவு பெரிய பீரங்கியை ஒருவன் வைத்தான் என்றால் விளையாட்டுக்கு வைத்திருக்க மாட்டான் என்று முடிவு கட்டினாள். ஓடத் தெரியாத ரோபோ ஓடக் கூடாது, சுவர் மறைவில் நிற்க வேண்டும். எதிரி எந்த இடைவெளியில் வருவான், எவ்வளவு தூரத்தில் குண்டு குறி தவறாது என்று ஐந்து வருட ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்துக் கற்றுக்கொண்டாள். பயிற்சி ஆட்டத்தில் அவள் ஒளிந்திருக்கும் தெருவுக்குள் நுழைய, அவள் சேர்ந்திருந்த உள்ளூர் இரும்புக்களக் கிளப்பில் ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. கிளப் நடத்தும் வருடாந்தரப் போட்டியில், நானூறு பேர் பார்க்கிற மேடையில், குட்டிமோட்டாரை ஒரு தடவை நிஜமான சண்டைக்கு இறக்க வேண்டும். அதைப் பார்த்து ஒருத்தனாவது பயப்பட வேண்டும். வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

டீமுக்கு ஐந்து பேர். கேப்டன் கிருபாசங்கர், ஆனைமலைப் பையன், இருபத்தேழு வயது, சரவணம்பட்டியில் சாப்ட்வேர் வேலை. பைக்கின் பெட்ரோல் டேங்கில் குட்டிமோட்டார் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான். நான்கு பேர் முடிவானதும், சிங்காநல்லூர் பேக்கரியில் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கோமளாவிடம் கேட்டான்.

"ஏனுங்கக்கா, அஞ்சாவது ஆளா நீங்க வாரீங்களா?"

ஐந்து வருடமாகக் கோமளா எதிர்பார்த்த கேள்வி. வாய் என்ன சொன்னது தெரியுமா?

"அட, நமக்கெதுக்குங்க தம்பி அதெல்லாம். சின்னஞ்சிறுசுக ஆடட்டுமுங்க."

"செரீங்க்கா" என்றான் கிருபாசங்கர். அவ்வளவுதான். போனை எடுத்து, பக்கத்தில் பப்ஸ் தின்றுகொண்டிருந்த அக்ஷிதாவின் பெயரைப் போட்டுவிட்டான்.

கோமளா வளர்ந்தது கோபிசெட்டிபாளையத்துப் பக்கம். அங்கே விருந்துக்குப் போனால், சாப்பிடக் கூப்பிட்டவுடன் யாரும் உட்கார மாட்டார்கள். முதல் தடவைக்கு "இப்பத்தானுங்க சாப்ட்டோம்." இரண்டாவது தடவைக்கு "உங்களுக்கு எதுக்குங்க செரமம்." மூன்றாவது தடவை கையைப் பிடித்து இழுத்தால்தான் உட்கார வேண்டும். பசி வயிற்றைக் கிள்ளினாலும் அப்படித்தான். கேட்கிறவர்களுக்கும் இது தெரியும், அதனால் விடாமல் கேட்பார்கள். கேட்டதும் சரி என்பவளை ஊர் ஒரு மாதிரி பார்க்கும். இப்படி நாற்பது வருடம் பழகிய வாய், பேக்கரியிலும் தன் வேலையைக் காட்டிவிட்டது. இவள் இரண்டாவது கேள்விக்காகக் காத்திருந்தாள். டீ ஆறியது. கேள்வி வரவில்லை.

அன்று முதல் அவளுக்குத் தன் மேலேயே கோபம். கம்பெனியில் வெர்னியர் அளவுகோலைப் பிடிக்கும்போது கோபம், தோசை ஊற்றும்போது கோபம். வேணும் என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல வக்கில்லாத வாயைத் தைத்துவிட்டால் என்ன என்று இருந்தது. இத்தனை வயதாகியும் ஒரு ஆசையை ஆசை என்று சொல்ல வெட்கப்படுகிறவளுக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

போட்டியன்று கிளப் செய்த காரியம் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியது. அவினாசி ரோட்டுக் கல்யாண மண்டபத்தின் வாசலில், பன்னீர்ச் செம்பு வைக்கிற மேஜைக்குப் பக்கத்தில், நான்கடி உயரத் தெர்மாகோல் குட்டிமோட்டாரை நிறுத்தி, அதற்கு மாலையும் போட்டிருந்தார்கள். வருகிறவர்கள் எல்லாம் அதைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்தார்கள்.

"அக்கா, நீங்க இங்கயே நின்னு பாத்துக்குங்க. குட்டிமோட்டாருக்கு உங்கள உட்டா யாருங்க்கா இருக்கறாங்க?" என்றான் கிருபாசங்கர்.

கோமளா நின்றாள். வருகிறவர்களுக்குக் கற்கண்டும் கொடுத்தாள். சிரித்த முகமாகத்தான் கொடுத்தாள். உள்ளே கொலைவெறி.

கிருபாசங்கர் டீம் இரண்டாவது ஆட்டத்திலேயே தோற்று வெளியே வந்தது. அக்ஷிதாவைக் குறை சொல்ல முடியாது, பாவம், நன்றாகத்தான் ஆடினாள். சாயந்தரம் இறுதி ஆட்டமும் முடிந்த பிறகு, சாப்பாட்டுக்கு முன்னால், மேடையில் ஒரு ஜாலி ஆட்டம் என்று அறிவித்தார்கள். பத்துப் பேர், பத்துப் பேருக்கும் குட்டிமோட்டார், அவரவர் தனித்தனி. ஜெயிப்பது தோற்பது பற்றிக் கவலையில்லை, சும்மா குதித்து ஆடலாம்.

"அக்காவும் வாங்க" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

"வாரேனுங்க" என்றாள் கோமளா. முதல் தடவையிலேயே சொன்னாள். சொன்னது அவளுக்கே புதிதாக இருந்தது.

திரையில் ஒன்பது குட்டிமோட்டார்களும் சதுக்கத்தின் நடுவில் வட்டம் கட்டிக் குதித்தன. மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. பத்தாவது மட்டும் தத்தித் தத்தி நடந்து ஒரு சுவர் மூலைக்குப் போய் நின்றது. கோமளாவிடம் இருந்தவை பத்துக் குண்டுகள். முதல் குண்டில் ஒன்று வெடித்தது. அதற்கும் சிரித்தார்கள். ஆறு வினாடி கழித்து அடுத்தது போனது. நான்காவது போனபோது வட்டம் கலைந்தது. ஒளிய இடம் தேடி ஓடியவர்களை, ஓட முடியாத அந்தக் கால்கள் காட்டிக்கொடுத்தன. ஒரு குண்டு மட்டும் தவறியது. கடைசியாக மிஞ்சியது கிருபாசங்கருடையது.

"அக்கா, சும்மா ஜாலிக்குத்தானுங்க்கா" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து சிரித்தான். கோமளா அவன் பக்கம் திரும்பவில்லை. கடைசிக் குண்டு அவனுக்குப் போனது.

ஒரு நொடி மண்டபத்தில் சத்தமே இல்லை. அந்த ஒரு நொடிக்காகத்தான் ஐந்து வருடம். அடுத்த நொடியே, "அச்சோ, செல்லக்குட்டி எப்படிச் சுடுது பாரு" என்று ஒரு குரல் எழும்ப, நானூறு பேரும் விசிலடித்துக் கொஞ்ச ஆரம்பித்துவிட்டார்கள். அழிச்சாட்டியம் பண்ணினாலும் செல்லம்தான் என்றால் என்னதான் செய்வது?

பந்தியில் கிருபாசங்கர் எதிரே வந்து உட்கார்ந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இன்னிக்கு டீம்ல நீங்க இருந்திருக்கோணுமுங்க்கா."

"நான்தான் வேண்டாம்னு சொல்லிப்போட்டனுங்களே தம்பி. என் தப்புத்தானுங்க" என்றாள் கோமளா.

அவன் இலையைப் பார்த்தபடி சொன்னான். "உங்க தப்பில்லீங்க்கா. எங்க ஊட்லயும் மூணு தடவ கேட்டாத்தானுங்க உக்காருவாங்க. இன்னொருக்காக் கேட்டா நீங்க வாரேன்னு சொல்லிருவீங்கன்னு தெரியுமுங்க. அதுனாலதான் கேக்கல. குட்டிமோட்டாரோட மேடையேறுனா டீமையே காமெடின்னு நெனச்சுப்போடுவாங்களோன்னு..."

கோமளா கையிலிருந்த சோற்றை இலையில் வைத்தாள். பதினைந்து நாள் தன்னைத் தானே பிய்த்துத் தின்றது எல்லாம் கண் முன்னால் வந்து நின்றது. பைக்கில் ஸ்டிக்கர் ஒட்டுகிறவன், வாசலில் மாலை போடுகிறவன், அவளுடைய மரியாதையையே கதவாக்கிச் சாத்தியிருக்கிறான். சின்னக் குழந்தையிடம்கூட 'நீங்க' போட்டுப் பேசுகிறவள் அவள். பிறந்ததிலிருந்து அந்த நாக்கில் வராத ஒன்று அப்போது வந்தது.

"சித்திரையில ஈரோட்டுல போட்டி இருக்குதல்ல?" என்றாள். குரல் பக்கத்து இலைக்குக்கூடக் கேட்கவில்லை.

"இருக்குதுங்க்கா."

"நான் ஆடறேன். குட்டிமோட்டாரோட. எம்பேரப் போடு."

கிருபாசங்கர் நிமிர்ந்து பார்த்தான். பரிமாறிக்கொண்டு வந்தவர் இருவரையும் பார்த்துவிட்டு, ரசத்தை ஊற்றாமலே அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

"எல்லார்த்துகிட்டயும் ஒரு வார்த்த கேட்டுப்போட்டு..."

"ஒருத்தரையும் கேக்காத. நீ எழுது, நான் பாக்கறேன்."

அவன் இடது கையால் போனை எடுத்தான். பயந்துவிட்டிருந்தான், விரல் இரண்டு தடவை தவறான எழுத்தில் விழுந்தது. பெயர் குரூப்பில் போய்ச் சேரும் வரைக்கும் கோமளா இலையில் கை வைக்கவில்லை.