கேட்குது, விளங்கேல்லை

மார்ச், செவ்வாய்க்கிழமை, காலை. நோயாளர்: அந்தோனி, முகத்துவாரம், துறைமுகத் தொழிலாளி. செவிப்பறை: குறையில்லை. ஓடியோகிராம் (செவித்திறன் வரைபு): இரு காதுகளும் ஏறக்குறைய இயல்பு, உயர்சுருதியில் சிறு இறக்கம். பரிசோதகர் குறிப்பு: "அறிவுறுத்தல் விளங்கவில்லை. இரு மொழிகளிலும் சொல்லப்பட்டது."

இரைச்சலில் வேலை செய்வோரின் செவித்திறனை ஆராய்வது எங்கள் சிறு குழுவின் பணி. அந்தோனியை அனுப்பிய மேற்பார்வையாளர் ஒன்றைத்தான் கேட்டிருந்தார்: இவருக்குக் காதில் குறையா, அல்லது சொல்வழி கேளாத குணமா? வோக்கிடோக்கியில் வந்த கட்டளையைத் தவறவிட்டு, பாரந்தூக்கிக்கு அந்தோனி பிழையான சைகை காட்டியிருந்தார். எவருக்கும் காயமில்லை. ஆயினும் காதில் குறையில்லை என்று நாங்கள் எழுதினால் வேலை போய்விடும். ஓடியோகிராம் அப்படித்தான் எழுதச் சொன்னது.

குறிப்பை எழுதிய ஷர்மிளாவிடம் விசாரித்தேன். வெள்ளவத்தைப் பெண், கெட்டிக்காரி.

"வெளியில இருத்தி விளங்கப்படுத்தினனான், சேர். 'கேட்குதா?' எண்டன். 'கேட்குது, விளங்கேல்லை' எண்டார். சிங்களத்திலயும் சொல்லிப் பாத்தன். அதுக்கும் அதே பதில். இனிப் படம் கீறித்தான் காட்டவேணுமோ எண்டு யோசிச்சன்."

"சோதனை அறைக்குள்ள போன பிறகு?"

"அங்க திரும்பச் சொன்னன், ஒரு பிழையும் விடேல்ல. அதுதான் எனக்கு விளங்கேல்லை."

வெளிக்கூடத்தில் மின்விசிறிகள் இரைந்துகொண்டிருந்தன. ஒலிபெருக்கி இலக்கங்களைக் கூப்பிட்டது. ஷர்மிளா முகக்கவசம் அணிந்திருந்தார். ஒலிபுகா அறைக்குள் இவை எதுவுமில்லை. அந்தோனி தம் நோயையே சொல்லியிருக்கிறார். நாங்கள் அதை அவருடைய அறிவுக்குறை என்று பதிந்துவிட்டோம்.

அவருடைய மனைவி ரீட்டாவை உள்ளே அழைத்தேன்.

"சீனி வாங்கிக்கொண்டு வாங்கோ எண்டா மீனோட வந்து நிக்கிறார், டொக்டர். தேத்தண்ணிக்கு மீன் போடுறதோ?"

"குசினிக்குள்ள பைப்பைத் திறந்துவிட்டுட்டு நீர் கதைச்சா ஆருக்கு விளங்கும்?" என்றார் அந்தோனி.

"பக்கத்து வீட்டுக்காரருக்கு விளங்குது."

சத்தம் கேட்டும் சொல் பிரியாத இந்நிலையை ஓடியோகிராம் காட்டாது. இரைச்சலின் நடுவே சொற்களை ஒலிக்கவிட்டு, நோயாளரைத் திருப்பிச் சொல்ல வைக்கும் சோதனைதான் காட்டும். எங்கள் வழக்குத் தமிழில் அதற்கான சொற்பட்டியல்கள் இரண்டு இருந்தன. இரண்டையும் வாசித்துப் பதிவு செய்தவர் என் மனைவி; கொட்டாஞ்சேனையில் தமிழாசிரியை. மூன்றாவதைப் பதிவு செய்வதற்கு முன் காலமானார். தொகுதி முழுமையடையவில்லை என்ற காரணத்தால் அச்சோதனையை நிறுத்திவைத்திருந்தேன்.

"சேர், ரெண்டு பட்டியல் இருக்குத்தானே," என்றார் ஷர்மிளா. "இவருக்கு அது போதும். வேணுமெண்டா நானே போட்டுவிடுறன், நீங்கள் வெளியில இருங்கோ."

நானே இயக்கினேன்.

பதிவு "சங்கு" என்றது; அந்தோனி "பங்கு" என்றார். "சோறு" என்றது, "ஆறு" என்றார். "சேலை" என்றது, "வேலை" என்றார். ரீட்டா முதலில் சிரித்தார். பட்டியல் பாதியைத் தாண்டியபோது கணவரின் தோளில் கை வைத்திருந்தார்.

இரைச்சலில் சொற்களைப் பிரித்தறியும் திறன் வெகுவாகக் குறைந்துள்ளது என்றும், வோக்கிடோக்கியை நம்பிச் செய்யும் வேலையை இவருக்குத் தரக் கூடாது என்றும், கீழ்ப்படியாமைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றும் அறிக்கை எழுதினேன். வேலை நிலைத்தது, அமைதியான ஒரு களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். முன்னாலிருந்து வரும் பேச்சை மட்டும் உயர்த்தித் தரும் செவித்துணைக் கருவியொன்றைச் சில வாரங்கள் அணியச் செய்து, இரண்டாவது பட்டியலை ஒலிக்கவிட்டேன். எல்லாச் சொற்களும் பிடிபடவில்லை. பெரும்பாலானவை பிடிபட்டன. "சீனி" பிடிபட்டபோது ரீட்டா, "அப்பாடா, இனி மீன் காசு மிச்சம்," என்றார்.

அந்தோனி கருவியைக் கழற்றாமலே என்னிடம் கேட்டார்: "இது ஆர் டொக்டர், வாசிக்கிறது? அவசரப்படாம, ஆறுதலாக் கதைக்கிறா. இப்பிடிக் கதைச்சா ஆருக்கும் விளங்கும்."

"எங்கட வீட்டுக்காரி," என்றேன்.

"சுகமா இருக்கிறாவோ?"

ஷர்மிளா கருவிகளின் வடங்களைச் சுற்றத் தொடங்கினார். என் மனைவி இறந்துவிட்டார் என்பதை அந்தோனியிடம் சொன்னேன். அவர் தலையசைத்து, "அந்தக் கடைசிச் சொல்லை இன்னொருக்காப் போடுங்கோ. அதில எனக்குச் சந்தேகம்," என்றார். போட்டேன். சரியாகச் சொன்னார்.

இத்துறைக்குப் புதிதாக வருவோருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: நோயாளர் சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே எழுதுங்கள். பொருள் காண்பது அதற்குப் பிறகு.

இன்னும் செய்யாதவை:

1. "கேட்குதா?", "விளங்குதா?" இரண்டையும் தனித்தனிக் கேள்விகளாக்குதல்.

2. சோதனையில் இப்போதுள்ள மின்விசிறி இரைச்சலுக்குப் பதிலாகத் துறைமுக இரைச்சலைப் பதிவு செய்தல். அந்தோனி இடம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

3. மலையகத் தமிழர் வழக்குக்கு வேறு பட்டியல்.

4. மூன்றாவது பட்டியல். வாசிப்பவர்: ஷர்மிளா. ஆறுதலாக வாசிக்க வேண்டும்.